மேடை ஏறும் முன்பே ஒளியைத் திரையில் பார்க்கலாம்: புதிதாக ஒளியமைப்புக்கு வருபவர்களுக்கு

சபாக்களிலும் கல்லூரி அரங்குகளிலும் ஒளியமைப்பு செய்பவருக்குக் கிடைக்கும் நேரம் ரொம்பக் குறைவு. மாலை ஆறு மணிக்கு நிகழ்ச்சி என்றால் மதியம்தான் விளக்குகள் வந்து இறங்கும். மாட்டி, கேபிள் இழுத்து, ஒவ்வொரு விளக்குக்கும் முகவரி எண் போட்டு முடிப்பதற்குள் மிருதங்கக்காரர் சவுண்ட் செக்குக்கு வந்து உட்கார்ந்துவிடுவார். எந்தப் பாட்டுக்கு என்ன ஒளி என்று யோசிக்க வேண்டிய நேரம் இப்படியே கரைந்துபோகும். அந்த யோசனையை முன்கூட்டியே வீட்டில், கணினியில் முடித்துவிட உதவுபவைதான் விஷுவலைசர் மென்பொருள்கள். அரங்கை முப்பரிமாணத்தில் கட்டி, விளக்குகளைத் தொங்கவிட்டு, கன்சோலில் (விளக்குகளை இயக்கும் பலகையில்) ஒரு ஃபேடரைத் (ஏற்றி இறக்கும் பொத்தானைத்) தள்ளினால் திரையில் ஒளி விழும்.

கனடாவின் காஸ்ட் நிறுவனத்தின் 'விசிவிக்' 1990களிலேயே இதைச் செய்துகொண்டிருந்தது. ஆனால் அப்போதும் அதற்குப் பிறகும் வெகுகாலம் இது பணம் உள்ளவர்களுக்கான கருவியாகவே இருந்தது. அண்மை ஆண்டுகளில் வந்த புதிய வசதிகளில் புதியவருக்கு எது உண்மையிலேயே பயன்படும், எதை எந்த வரிசையில் தொட வேண்டும் என்பதை ஒரு பரதநாட்டிய அரங்கேற்றத்தை எடுத்துக்கொண்டு சொல்கிறேன். பைசா செலவில்லாத மென்பொருள்களை வைத்தே முழுவதையும் செய்துவிடலாம்.

முதலில் ஒரு புதுமையைப் புரிந்துகொள்ளுங்கள்

படம் எவ்வளவு அழகாகத் தெரிகிறது என்பதைத்தான் விளம்பரங்கள் காட்டும். என்னைக் கேட்டால் இந்தத் துறையின் மிகப் பெரிய மாற்றம் வேறு. 2018இல் எம்ஏ லைட்டிங், ரோப், வெக்டர்வொர்க்ஸ் ஆகிய மூன்று நிறுவனங்களும் சேர்ந்து ஜிடிடிஎஃப் என்ற திறந்த கோப்பு வடிவத்தை வெளியிட்டன. 2020இல் அது ஜெர்மனியின் டிஐஎன் ஸ்பெக் 15800 ஆவணமாகவும் ஆனது. ஜிடிடிஎஃப் கோப்பை ஒரு விளக்கின் ஜாதகம் என்று வைத்துக்கொள்ளலாம். எத்தனை சானல் (வெளிச்சம், நிறம், திருப்பம் என ஒவ்வொன்றையும் கட்டுப்படுத்தும் வழி), எந்தச் சானலில் எது, தலை எத்தனை டிகிரி திரும்பும், லென்ஸின் விரிவு என்ன, நிறச் சக்கரத்தில் என்ன நிறங்கள், எடை எவ்வளவு, முப்பரிமாண உருவம் எப்படி, எல்லாம் அந்த ஒரே கோப்புக்குள் இருக்கும். அதோடு சேர்ந்தது எம்விஆர். அது முழு மேடையையும் சுமக்கும்: எந்த விளக்கு எங்கே தொங்குகிறது, எந்தப் பக்கம் பார்க்கிறது, அதன் முகவரி என்ன என்பது வரை.

முன்பெல்லாம் ஒரு மென்பொருளில் வரைந்த மேடையை இன்னொன்றில் முதலிலிருந்து வரைய வேண்டும். இப்போது இலவச மென்பொருளில் நீங்கள் கட்டிய மேடையை எம்விஆராக எடுத்துக் கொடுத்தால், பெரிய அரங்கில் கேப்சர், டெபென்ஸ், வெக்டர்வொர்க்ஸ், கிராண்ட்எம்ஏ3 என எதை வைத்திருப்பவரும் அதைத் திறந்து வேலையைத் தொடரலாம். எம்விஆர்-எக்ஸ்சேஞ்ச் என்ற வசதி இன்னும் ஒரு படி மேல். ஒரே நெட்வொர்க்கில் இருக்கும் மென்பொருள்கள் பென்டிரைவ் இல்லாமலே மேடையின் புதிய வடிவத்தைப் பகிர்ந்துகொள்கின்றன. ஆகவே எந்த மென்பொருளைக் கற்றால் நல்லது என்று மாதக்கணக்கில் குழம்ப வேண்டாம். கோப்பு எங்கும் போகும்.

டேப் எடுத்துக்கொண்டு அரங்குக்குப் போங்கள்

கணினியைத் திறக்கும் முன் செய்ய வேண்டியது இது. அளவு தவறினால் அதன் மேல் கட்டும் எல்லாமே தவறும். மேடையின் அகலம், ஆழம், மேடைத் தரையிலிருந்து விளக்கு மாட்டும் பைப்பின் உயரம், மேடை விளிம்பிலிருந்து முன் பைப் இருக்கும் தூரம், விங் திரைகளின் இடைவெளி, பின்திரை இருக்கும் இடம். எல்லாவற்றையும் மீட்டரில் எழுதிக்கொள்ளுங்கள். மேடையின் முன் விளிம்பின் நடுப்புள்ளியைப் பூஜ்ஜியமாக வைத்துக்கொண்டு அங்கிருந்து இடம், வலம், ஆழம், உயரம் என்று அளப்பது நல்லது.

அப்படியே மின்சாரத்தையும் பாருங்கள். பழைய அரங்குகளில் இன்னும் 1000 வாட் பார் (PAR) 64 ஹாலஜன் விளக்குகள் இருக்கின்றன. 230 வோல்ட்டில் ஒன்று ஏறக்குறைய 4.35 ஆம்பியர் இழுக்கும். 15 ஆம்பியர் பிளக்கில் மூன்று போடலாம், நான்காவது போட்டால் 17ஐத் தாண்டிவிடும். திரையில் எத்தனை விளக்கு வேண்டுமானாலும் தொங்கவிடலாம். அரங்கின் எம்சிபி அதற்கு ஒத்துக்கொள்ளாது.

நம் பயிற்சிக்கு 12 மீட்டர் அகலம், 8 மீட்டர் ஆழம், பைப் உயரம் 6 மீட்டர் என்று ஒரு மேடை வைத்துக்கொள்வோம். வாடகைக்கு வருவது 12 எல்இடி பார் விளக்கு, 4 மூவிங் ஹெட் (தலையைத் திருப்பக்கூடிய விளக்கு).

மென்பொருள்

மேடையைப் பார்க்க பிளெண்டர் என்ற முப்பரிமாண மென்பொருள், அதற்குள் பிளெண்டர்-டிஎம்எக்ஸ் என்ற ஆட்-ஆன். விளக்கை இயக்க க்யூஎல்சி பிளஸ். எல்லாமே இலவசம், திறந்த மூலம். ஆட்-ஆனை இறக்கும்போது எந்த பிளெண்டர் பதிப்புக்கு ஆனது என்று அதன் பக்கத்தில் போட்டிருப்பார்கள், அதைப் பார்த்து இறக்குங்கள். க்யூஎல்சி பிளஸ் 5ஆம் பதிப்பில் 3டி காட்சி உள்ளேயே உண்டு. கணினியில் கிராபிக்ஸ் கார்டு பலவீனம் என்றால் அதோடு தொடங்கினாலும் சரி.

விளக்குகளைப் பட்டியலிடுவது

பொறுமை வேண்டிய இடம் இதுதான். ஜிடிடிஎஃப் ஷேர் என்ற தளத்தில் இலவசக் கணக்கு தொடங்கினால் விளக்குக் கோப்புகளை இறக்கிக்கொள்ளலாம். பெயருள்ள நிறுவனங்களின் விளக்குகள் பெரும்பாலும் கிடைத்துவிடும். நம் ஊரில் வாடகைக்கு வரும் பெயரில்லாத எல்இடி பார்களுக்குக் கிடைப்பது அரிது. அப்போது வாடகைக்காரரிடம் கேட்டு, விளக்கின் பின்பக்கத் திரையில் எத்தனை சானல் மோடு என்று பார்த்து, அதே சானல் வரிசை உள்ள பொதுக் கோப்பு ஒன்றைப் பயன்படுத்தலாம். அல்லது அதே தளத்தில் உள்ள பில்டரில் நீங்களே உருவாக்கலாம்.

மோடு என்ற சொல்லை விடாமல் பிடித்துக்கொள்ளுங்கள். ஒரே மூவிங் ஹெட் 16 சானலிலும் வேலை செய்யும், 24 சானலிலும் வேலை செய்யும். விளக்கின் மெனுவில் ஒன்று, விஷுவலைசரில் ஒன்று, க்யூஎல்சி பிளஸ்ஸில் ஒன்று என்று இருந்தால், நீங்கள் நிறத்தை மாற்றும்போது தலை சுழலும். க்யூஎல்சி பிளஸ் தன்னுடைய சொந்த விளக்குப் பட்டியலை வைத்திருப்பதால், இரண்டு இடத்திலும் சானல் வரிசை ஒன்றுதானா என்று ஒவ்வொன்றாக ஒப்பிட்டுப் பார்ப்பது அவசியம்.

அப்புறம் முகவரி. விளக்குகளுக்குக் கட்டளை போகும் முறைக்கு டிஎம்எக்ஸ் என்று பெயர். அதில் சானல்களின் ஒரு தொகுதி யுனிவர்ஸ், ஒன்றில் 512 சானல். ஒரு விளக்கின் முதல் சானல் எண்தான் அதன் முகவரி. எட்டு சானல் எல்இடி பார் பன்னிரண்டுக்கு 1, 9, 17, 25 என்று எட்டெட்டாகக் கூட்டிக்கொண்டே போனால் கடைசி விளக்கு 89இல் தொடங்கி 96இல் முடியும். மூவிங் ஹெட்டை 97இலேயே தொடங்கலாம், ஆனால் நான் 101இல் தொடங்கச் சொல்வேன். 16 சானல் மோடில் 101, 117, 133, 149 என்று வரும். ஏணி மேல் இருக்கும் உதவியாளரிடம் கத்திச் சொல்லும்போது நூற்றி ஒன்று என்பது மறக்காது. இடையில் நான்கு சானல் வீணாவதில் எந்த நஷ்டமும் இல்லை.

மேடையைக் கட்டுவது

பிளெண்டரில் விசைப்பலகையின் 'என்' எழுத்தை அழுத்தினால் வலப்பக்கம் ஒரு பட்டை திறக்கும். அதில் டிஎம்எக்ஸ் என்ற தாவலுக்குள் புதிய ஷோவைத் தொடங்குங்கள். தரை, பின்திரை, விங் திரைகளைச் சாதாரணப் பெட்டிகளாக, நீங்கள் அளந்த அளவில் போட்டால் போதும். தூண் வேலைப்பாடு, இருக்கை வரிசை எதுவும் வேண்டாம். ஒரே ஒரு பொருளை மட்டும் மறக்காமல் வையுங்கள்: நடனமாடுபவரின் உயரத்தில் ஒரு மனித உருவம். அது இல்லாவிட்டால் தரையில் விழும் வட்டங்களைத்தான் வடிவமைத்துக்கொண்டிருப்பீர்கள், முகத்தில் விழும் ஒளியை அல்ல.

விளக்கைச் சேர்க்கும்போது கோப்பு, மோடு, யுனிவர்ஸ், முகவரி, எண்ணிக்கை எல்லாவற்றையும் கேட்கும். பன்னிரண்டையும் ஒரே தடவையில் சேர்த்து, பிறகு இடத்தை மாற்றிக்கொள்ளலாம். மூவிங் ஹெட் எந்தப் பக்கம் பார்த்து மாட்டப்படும் என்பதையும் யோசியுங்கள். திரையில் சரியாக இருந்து அரங்கில் 180 டிகிரி திருப்பி மாட்டிவிட்டால் இடம் வலமாகிவிடும்.

இரண்டையும் பேச வைப்பது

க்யூஎல்சி பிளஸ்ஸில் இன்புட்/அவுட்புட் தாவலுக்குப் போய், முதல் யுனிவர்ஸுக்கு நேரே ஆர்ட்-நெட் (டிஎம்எக்ஸை நெட்வொர்க் வழியே அனுப்பும் முறை) 127.0.0.1 என்ற வரியில் அவுட்புட்டை டிக் செய்யுங்கள். பிளெண்டர்-டிஎம்எக்ஸில் ஆர்ட்-நெட்டை இயக்குங்கள். இப்போது சிம்பிள் டெஸ்க்கில் முதல் விளக்கின் டிம்மர் ஃபேடரையும் ஒரு நிற ஃபேடரையும் ஏற்றினால் திரையில் அந்த விளக்கு எரிய வேண்டும்.

எரியவில்லையா? முதலில் யுனிவர்ஸ் எண்ணைப் பாருங்கள். ஆர்ட்-நெட் பூஜ்ஜியத்திலிருந்து எண்ணும். க்யூஎல்சி பிளஸ்ஸில் யுனிவர்ஸ் 1 என்று தெரிவது வெளியே 0 ஆகப் போகும். பிளெண்டரில் விளக்குகளை 1இல் வைத்திருந்தால் ஒன்றும் நடக்காது. அதுவும் சரி என்றால் ஃபயர்வாலைப் பாருங்கள், ஆர்ட்-நெட் 6454 என்ற போர்ட் வழியாகப் போகும். ஒரே கணினியில் இரண்டு மென்பொருளும் அதே போர்ட்டுக்குப் போட்டி போட்டால் படம் அசையாமல் நிற்கும். அப்போது அதே வேலையைச் செய்யும் எஸ்ஏசிஎன் முறைக்கு மாறிப் பாருங்கள். க்யூஎல்சி பிளஸ்ஸில் அது இ1.31 என்ற பெயரில் இருக்கும், யுனிவர்ஸை 1இலிருந்து எண்ணும்.

இனி ஒளியை யோசிக்கலாம்

பரதத்துக்கு ஒளி போடுகிறவர் இரண்டு பக்கம் இழுபடுவார். அபிநயத்துக்குக் கண்ணும் உதடும் தெரிய வேண்டும், அதற்கு முன்னொளி வேண்டும். அரைமண்டியின் வடிவமும் கையின் கோடும் எடுப்பாகத் தெரிய வேண்டும், அதற்குப் பக்க ஒளி வேண்டும். முன்னொளியை மட்டும் நம்பினால் உடல் தட்டையாகிவிடும். பக்க ஒளியை மட்டும் நம்பினால் வர்ணத்தில் ஒரு பாவமும் பத்தாவது வரிசைக்குப் போய்ச் சேராது.

முன்னொளியின் கோணத்தைத் திரையில் சோதியுங்கள். மேடையிலிருந்து 6 மீட்டர் உயரத்தில் பைப், 1.5 மீட்டர் உயரத்தில் முகம், ஆக உயர வித்தியாசம் 4.5 மீட்டர். பைப் நடனமாடுபவருக்கு 4.5 மீட்டர் முன்னால் இருந்தால் ஒளி 45 டிகிரியில் விழும், முகத்தின் நிழல் 1.5 மீட்டர் பின்னால் தரையில் விழும். அதே பைப் 9 மீட்டர் தள்ளி இருந்தால் கோணம் ஏறக்குறைய 27 டிகிரிக்கு இறங்கும், நிழல் 3 மீட்டர் நீளும். பின்திரை மூன்று மீட்டருக்குள் இருந்தால் நிழல் அதன் மேல் ஏறி ஆடும். முகம் பளிச்சென்று தெரிந்தாலும் பின்னால் ஒரு கறுப்பு உருவம் கூடவே ஆடிக்கொண்டிருக்கும். இதை ஏணி ஏறாமல், பைப்பை நகர்த்தி நகர்த்தித் திரையிலேயே பார்த்துவிடலாம். ஆடுபவரை எவ்வளவு முன்னால் நிற்கச் சொல்ல வேண்டும் என்று குருவிடம் முன்கூட்டியே பேசவும் இது உதவும்.

லென்ஸ் விரிவையும் அப்படியே சோதியுங்கள். 25 டிகிரி விளக்கு 10 மீட்டரில் சுமார் 4.4 மீட்டர் அகலத்துக்கு ஒளி தரும். 12 மீட்டர் மேடைக்கு அப்படி மூன்று வைத்தால் ஓரங்களில் இருட்டுப் பட்டை தெரியும். நான்கு வைத்தால் ஒன்றோடொன்று கலந்துகொள்ளும்.

பக்க ஒளியில் நம் மேடைக்கே உரிய ஒரு சிக்கல் இருக்கிறது. நட்டுவாங்கம், பாட்டு, மிருதங்கம், வயலின் எல்லாம் மேடையின் ஒரு ஓரத்தில் உட்கார்ந்திருப்பார்கள். அந்தப் பக்கத்து விளக்கைத் தாழ வைத்தால் ஒளி அவர்கள் முதுகில் நின்றுவிடும். ஆகவே அவர்கள் உட்காரும் மேடையையும் அவர்களையும் பெட்டிகளாகத் திரையில் வைத்துவிட்டு, அந்தப் பக்கத்து விளக்கை அவர்கள் தலைக்கு மேலாக உயர்த்துங்கள். எதிர்ப்பக்கம் தாழ்வாகவே இருக்கலாம். இரண்டு பக்கமும் சமமாக இருக்காது, இருக்கவும் வேண்டாம். நடராஜருக்கும் குத்துவிளக்குக்கும் தனியாக ஒரு சிறு விளக்கு ஒதுக்கிவிடுங்கள். அது மங்களம் முடியும்வரை அணையக் கூடாது.

க்யூக்கள்

ஒளி ஒரு நிலையிலிருந்து அடுத்த நிலைக்கு மாறும் ஒவ்வொரு கட்டமும் ஒரு க்யூ. க்யூஎல்சி பிளஸ்ஸில் ஃபங்ஷன் தாவலில் ஒவ்வொரு நிலைக்கும் ஒரு சீன் செய்து, எல்லாவற்றையும் ஒரு சேஸரில் வரிசையாகக் கோர்த்து, விர்ச்சுவல் கன்சோலில் க்யூ லிஸ்ட்டாக வையுங்கள். ஒரே பொத்தானில் அடுத்தடுத்து நகரும்.

மார்க்கத்தின், அதாவது அரங்கேற்றத்தில் ஆடும் உருப்படிகளின், வரிசையே உங்கள் க்யூ வரிசை. புஷ்பாஞ்சலிக்கு மேடை முழுவதும் திறந்த வெளிச்சம். அலாரிப்பு, ஜதிஸ்வரத்தில் பக்க ஒளியைக் கூட்டி, பின்திரைக்கு ஒரு நிறம். வர்ணம் நீளமானது, அதற்குள்ளேயே பல நிலைகள் வேண்டும். ஆனால் மாற்றம் தெரியாமல் நகர வேண்டும், எட்டு பத்து வினாடி ஃபேடு நல்லது. தீர்மானம் (ஜதிக்கு ஆடும் பகுதி) வரும்போது பக்க ஒளியை ஏற்றி, சாகித்யத்துக்கு (பாடல் வரிகளுக்கு) திரும்பும்போது முன்னொளிக்கு வாருங்கள். பதத்துக்கு மேடையைச் சுருக்குங்கள். தில்லானாவுக்குத் திரும்ப விரியுங்கள். ஒத்திகையில் எடுத்த ஒலிப்பதிவைப் போட்டுக்கொண்டு வீட்டிலேயே முழு நிகழ்ச்சியையும் ஓட்டிப் பார்க்கலாம். எந்த வரியில் கை பொத்தானுக்குப் போக வேண்டும் என்பது அப்போதுதான் மனதில் நிற்கும்.

திரையை எங்கே நம்பக் கூடாது

கோணம், நிழல், பரப்பு, க்யூ வரிசை இவற்றை நம்பலாம். நீங்கள் அளந்தது சரியென்றால் திரையும் சரியாகவே காட்டும்.

வெளிச்சத்தின் அளவை நம்பாதீர்கள். திரையில் காமிரா எக்ஸ்போஷரைக் கொஞ்சம் கூட்டினாலே நான்கு விளக்கு போதும்போலத் தெரியும். பழைய எல்இடி பார் எவ்வளவு மங்கியிருக்கிறது என்பது கோப்பில் இருக்காது.

புகையை நம்பாதீர்கள். விஷுவலைசரில் காற்றில் ஒளிக்கற்றை தெரிவது மென்பொருள் சேர்க்கும் புகையால். பல அரங்குகளில் புகை எந்திரத்துக்கு அனுமதி இல்லை, பாடுபவர்களும் விரும்புவதில்லை. முதல் வேலையாக அதைப் பூஜ்ஜியமாக்கிவிட்டு வடிவமையுங்கள். கணினியும் வேகமாக ஓடும்.

நிறத்தையும் நம்பாதீர்கள். பச்சைப் பட்டு சிவப்பு ஒளியில் கறுத்துப்போகும். மூன்று நிற எல்இடி கலந்து தரும் வெள்ளையில் தோலின் நிறம் ஒரு மாதிரி வெளிறும். இதைத் திரை முழுதாகச் சொல்லாது. ஆடை என்ன நிறம் என்று கேட்டுக்கொண்டு, முடிந்தால் அந்தத் துணியின் ஒரு ஓரத்தையாவது நிஜ விளக்கில் காட்டிப் பாருங்கள். முகத்துக்கு மட்டும் ஹாலஜன் அல்லது தனி வெதுவெள்ளை எல்இடி கிடைத்தால் அதற்கு வாடகை கொடுப்பது வீணல்ல.

அரங்கில்

க்யூஎல்சி பிளஸ்ஸில் வேலை செய்ததால் ஒரு பெரிய வசதி கிடைக்கிறது. அவுட்புட்டை மட்டும் ஆர்ட்-நெட் நோடுக்கோ (ஆர்ட்-நெட்டை டிஎம்எக்ஸாக மாற்றும் பெட்டிக்கோ) யுஎஸ்பி டிஎம்எக்ஸ் கருவிக்கோ மாற்றினால், வீட்டில் செய்த அதே கோப்பு நிஜ விளக்குகளை ஓட்டும். அரங்கின் கன்சோலில்தான் ஓட்ட வேண்டும் என்றால் எம்விஆர் கோப்பைக் கொடுங்கள். வாடகைக்கு வரும் பழைய பேர்ல் வகைக் கன்சோல்கள் அதைப் படிக்காது. ஆகவே முகவரிப் பட்டியலும் க்யூ பட்டியலும் காகிதத்தில் கையில் இருக்கட்டும்.

விளக்கு மாட்டியதும் ஒவ்வொன்றாக எரித்து முகவரியைச் சரிபாருங்கள். டிஎம்எக்ஸ் கேபிள் தொடரின் கடைசி விளக்கில் 120 ஓம் டெர்மினேட்டர் (சிக்னல் திரும்பி வராமல் தடுக்கும் முனை) போடுங்கள். மைக் கேபிளை டிஎம்எக்ஸுக்குப் பயன்படுத்தாதீர்கள். பிறகு மூவிங் ஹெட்களின் நிலைகளை மட்டும் திருத்துங்கள். திரையில் வைத்த இடமும் நிஜமாக மாட்டிய இடமும் சில சென்டிமீட்டராவது விலகியிருக்கும், அது இயல்பு.

இந்தத் திருத்தத்தைத்தான் புதிய மென்பொருள்கள் இப்போது தாமே செய்ய ஆரம்பித்திருக்கின்றன. ஈடிசி நிறுவனத்தின் இயாஸ் கன்சோல் மென்பொருளில் 3.0 பதிப்பு முதல் ஆக்மென்ட்3டி என்ற பகுதி இருக்கிறது. மேடையில் இடம் தெரிந்த நான்கு புள்ளிகளுக்கு ஒரு விளக்கைத் திருப்பிக் காட்டினால், அது உண்மையில் எங்கே, எந்தச் சாய்வில் தொங்குகிறது என்பதை மென்பொருளே கணக்கிட்டுக்கொள்ளும். அதன்பின் விளக்குக்குத் திருப்பும் கோணம் சொல்ல வேண்டியதில்லை, மேடையின் இந்த இடத்துக்குப் போ என்று சொன்னால் போய்விடும். எட்டு மூவிங் ஹெட் இருக்கும் மேடையில் இது மிச்சப்படுத்தும் நேரம் சாதாரணமானதல்ல. இயாஸை வீட்டுக் கணினியில் இலவசமாக நிறுவி ஆக்மென்ட்3டியோடு பழகலாம், நிஜ விளக்குக்கு அனுப்பத்தான் அவர்களின் டாங்கிள் (யுஎஸ்பி சாவி) வேண்டும். கிராண்ட்எம்ஏ3 ஆன்பிசியும் அப்படித்தான்: 3டி காட்சி உள்ளேயே இருக்கிறது, பழக இலவசம், வெளியே அனுப்ப அவர்களின் வன்பொருள் தேவை.

இவற்றில் எதற்கு அடுத்து போகலாம் என்பதை நீங்கள் அடிக்கடி வேலை செய்யும் அரங்கில் எந்தக் கன்சோல் இருக்கிறது என்று பார்த்து முடிவு செய்யுங்கள். பிளெண்டரில் கட்டிய மேடையை எம்விஆராக ஏற்றிக்கொள்ளக் கிராண்ட்எம்ஏ3இல் நேரடி வழி உண்டு. நிகழ்ச்சி முடிந்ததும் அரங்கில் திருத்திய உயரங்களையும் தூரங்களையும் உங்கள் கோப்பில் போட்டு, அரங்கின் பெயரில் சேமித்து வையுங்கள். அடுத்த தடவை அதே மேடைக்கு வேலை வரும்போது டேப் எடுக்கும் கட்டத்தைத் தாண்டி நேரே விளக்குப் பட்டியலிலிருந்து தொடங்கலாம்.